சைபரின் வயிறு

மணி ஒன்பது பத்து. இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் இருக்கிறது, அதற்குள் நீ ஒரு வாய் தின்று நாலு புழுக்கை போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது, ராஜ்ஜியத்தையா கேட்கிறேன். இந்த எட்டு மாதத்தில் நான் கேட்காமலே எத்தனை இடத்தில் போட்டிருக்கிறாய், சோபாவுக்கு அடியில், என் செருப்புக்குள், ஒரு தடவை டியூட்டி பைக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்டில் நேரக் குறிப்பேட்டை நான் எடுத்தபோது அதோடு ரெண்டு உருண்டு மேஜையில் விழுந்து, செக்கிங் இன்ஸ்பெக்டர் என்னய்யா மிளகா என்று கேட்டார், ஆமாம் சார், இருமலுக்கு என்று சொல்லி எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னை எப்படித் திட்டினேன், இன்றைக்கு அதே ரெண்டுக்காகத் தரையில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், நாற்பத்தேழு வயதில், கைலியோடு, ஒரு கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. சைபர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காக மடித்த போர்வையின் மேல் உருண்டையாக, வெள்ளையாக, அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல உட்கார்ந்திருக்கிறது, வலது பின்னங்காலில் மட்டும் பஞ்சும் கட்டும் துருத்திக்கொண்டிருக்கின்றன. நேற்று சாயங்காலம் டாக்டரம்மா என்ன சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, நகம் ஒண்ணு பிஞ்சிருக்கு, ஒரு விரல்ல லேசா விரிசல், அதெல்லாம் ரெண்டு வாரத்துல ஆறிடும், எனக்குக் காலைப் பத்தி பயமில்ல, வயித்தைப் பத்தித்தான் பயம் என்றார். முயலுக்கு வலி வந்தா சாப்பாட்டை நிறுத்திடும், சாப்பாட்டை நிறுத்தினா குடல் நின்னு போயிடும், குடல் நின்னா ஒரே நாள்ல போயிடும். நாளைக்குக் காலைல பதினொன்றரைக்குள்ள சாப்பிட்டு வெளிய போகலைன்னா அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடி வாங்க, பன்னெண்டுக்கு நாங்க மூடிடுவோம். ஒரே நாளில் என்று அவர் சொன்னபோது என் மனைவி வான்மதி என் கையைப் பிடித்தாள். பிடித்தவளுக்குத் தெரியாது அது எந்தக் கை என்று.

கால் எப்படி அடிபட்டது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவருக்கு வாய் கிடையாது, இன்னொருவர் வாயைத் திறக்கவில்லை. நேற்று நாலு மணிக்கு கேஸ் சிலிண்டர் வந்தது, அந்த ஆள் வாசலோடு வைத்துவிட்டுப் போய்விட்டார், நான் எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்வது போலத்தான் செய்தேன், மேல் வளையத்தைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து, அடி விளிம்பில் நிற்கவைத்து உருட்டிக்கொண்டே கூடத்தைத் தாண்டினேன், அந்தச் சத்தம் கேட்டதும் இது பின்னறையிலிருந்து ஓடி வந்தது, வந்து என் காலைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தது. போ அந்தப் பக்கம், போ என்றேன். போகவில்லை. இரண்டாவது வட்டத்தில் விளிம்பு காலில் ஏறிவிட்டது. முயல் கத்தும் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கத்தியது, அதற்கப்புறம் சத்தமே இல்லை, நான் சிலிண்டரை விட்டுவிட்டு உட்கார்ந்தேன், சிலிண்டர் தானாக ஆடி நின்றது. பதறிப்போய் என்ன செய்தேன், வீட்டில் யாருக்கு எங்கே காயம் பட்டாலும் என் அம்மா செய்வதைச் செய்தேன், மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டேன். அது அதை நக்கியது, நான் மறுபடி போட்டேன், அது மறுபடி நக்கியது, ஐந்து மணிக்கு வான்மதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாய், மீசை, நெஞ்சு, கால் எல்லாம் மஞ்சளாக நலங்கு வைத்தது மாதிரி ஒரு முயல் சோபாவுக்கு அடியில் இருந்தது. என்னாச்சு இவனுக்கு என்றாள். கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு போலருக்கு என்றேன். போலருக்கு. நேரில் பார்த்தவன் சொல்கிற வார்த்தையா அது. டாக்டரம்மாவும் மஞ்சளைத் துடைத்துக்கொண்டே இது யார் பாத்த வேலை என்று கேட்டார், வான்மதி என்னைப் பார்த்தாள், எனக்கு அப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது, ஆனால் மஞ்சளுக்கே இப்படிப் பார்க்கிறாளே என்று நாக்கு உள்ளே போய்விட்டது. முயல் இப்படிக் காலைச் சுற்றி வட்டம் போடுமே, அது எதற்குத் தெரியுமா என்று கல்யாணமான புதிதில் அவள்தான் சொன்னாள். பிடிச்சவங்களை மட்டுந்தாங்க சுத்தும், என்னைச் சுத்தறதுக்கே இவன் ஒரு வருஷம் எடுத்துக்கிட்டான், உங்களை மூணே மாசத்துல சுத்தறான் பாருங்க. அதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. எனக்கு வெளியில் காட்டிக்கொள்ள முடியாத பெருமை, டெப்போவில் யாரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தேன், எப்படிச் சொல்வது.

தின்னு ராஜா. சரி, கொத்தமல்லி வேண்டாம், முள்ளங்கி இலை? அதுவும் வேண்டாம். உலகம் முழுக்க முயல் என்றால் கேரட் என்கிறார்கள், நானும் முதல் நாள் ஒரு கிலோ கேரட் வாங்கிக்கொண்டு வந்தேன், சைபர் முகர்ந்துவிட்டுப் பின்னங்காலால் அதை எத்திவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் சீரைத் திருப்பி அனுப்பியது மாதிரி. அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் கேரட் பொரியல் சாப்பிட்டோம். வான்மதி இந்த வீட்டுக்கு இரண்டு சூட்கேஸோடும் இதோடும் வந்தாள். அவள் அம்மா போன பிறகு நாலு வருஷம் உறையூரில் தனி வீட்டில் இருந்தவள், கணக்கு டீச்சர், சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டால் பேச இருந்த ஒரே ஆள் இது. இன்னிக்கு எட்டாவது பி-ல ஒருத்தன் என்ன பண்ணான் தெரியுமா என்று இதனிடம்தான் சொல்வாளாம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் என் வீட்டில் பேச அதுகூட இல்லை, ரேடியோ மட்டும் இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர், அவள் தினமும் ஏழு நாற்பது லால்குடி வண்டிக்கு ஓடி வருகிற டீச்சர். வண்டி நேரத்துக்கு எடுக்கும், இவள்தான் நேரத்துக்கு வரமாட்டாள். தூரத்தில் பச்சைக் குடை தெரிந்தால் நான் ஏழு நாற்பது என்று எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுவேன், பேனா எழுதவில்லை என்று உதறுவேன், டிரைவர் ஆரோக்கியம் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் நேரத்தில் செய்த தில்லுமுல்லு அது ஒன்றுதான். அதையும் கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன், இவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று அவள் தன் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். ஒன்பது நாற்பது. கொத்தமல்லி வாடிவிட்டது.

இப்போது அவள் தேர்வு மையத்தில் இருப்பாள், பத்துக்குப் பொதுத்தேர்வு ஆரம்பம், ஒன்றேகால்வரை அறையை விட்டு நகரக்கூடாது, போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். காலையில் லீவு கேட்டுக் கெஞ்சிப் பார்த்தாள், இந்த நேரத்தில் ஆள் மாற்ற முடியாது என்றுவிட்டார்கள், நான் பாத்துக்கறேன் போ என்றேன். உங்களை நம்பித்தான் போறேன் என்றாள். சாதாரணமாக எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். டெப்போவுக்குப் போன் செய்து லீவு சொன்னேன், வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை சார். மேனேஜர் விடவில்லை. யாருக்குய்யா, வீட்டம்மாவுக்கா? இல்ல சார், அவங்க பக்கத்துல ஒருத்தர். மச்சானா? அப்படித்தான் வச்சுக்கங்க சார். என்ன உடம்புக்கு? வெளிக்குப் போகலை சார், நேத்துலேர்ந்து. அடப்பாவமே, விளக்கெண்ணெய் குடுய்யா என்றார். மச்சான், கேட்டாயா, உனக்கு விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன்பாவது ஏதாவது செய். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து டாக்டரம்மா காட்டியபடி வாய் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன், இரண்டு சொட்டு உள்ளே போனது, மற்றதெல்லாம் என் கைலிக்கு. வயிற்றை லேசாகத் தடவினேன், கல் போலவும் இல்லை, எப்போதும் போல மெத்தென்றும் இல்லை, எப்போதும் எப்படி இருக்கும் என்று நான் தொட்டுப் பார்த்திருக்கிறேனா என்ன. பச்சைப் புல் கிடைத்தால் குடுங்க என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. தென்னூரில் இந்த வெயிலில் பச்சைப் புல்லுக்கு எங்கே போவது, சாக்கடை ஓரத்தில் இருப்பதைக் கொடுக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே ஜன்னலில் நின்றவனுக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் மணி கேட்டது. அருகம்புல்! நேற்றுச் சாத்திய மாலையைக் காலையில் கழற்றுவார்களே. கதவைப் பூட்டிக்கொண்டு கைலியோடு ஓடினேன். குருக்கள் என்னைப் பார்த்து, என்ன சார் டியூட்டி இல்லையா, ஆத்துல விசேஷமா என்றார். முயலுக்குக் கால்ல அடி சாமி, சாப்பிட மாட்டேங்குது, கழட்டின மாலை இருந்தா வேணும் என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, பேஷா எடுத்துண்டு போங்கோ, நம்ம பிள்ளையாரோட மூஞ்சூறுக்கு அது ஒண்ணுவிட்ட தம்பி முறையாகணும் என்றார். அதோடு விட்டாரா, பேர் என்ன, நட்சத்திரம் என்ன, ஒரு அர்ச்சனை பண்ணிடறேன் என்றார். சைபர், நட்சத்திரம் தெரியாது சாமி. அதனால என்ன என்று உள்ளே போய் சைபர் நாமதேயஸ்ய என்று கணீரென்று ஆரம்பித்து ஸஹகுடும்பானாம் என்று முடித்தார், குடும்பத்தோடு என்று அர்த்தமாம், நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன், எனக்கு அந்த ஒரு சொல்லில் கண் கலங்கிவிட்டது, ஒரு முயல், ஒரு கணக்கு டீச்சர், ஒரு பொய் சொன்ன ஆள், மூவரும் சேர்ந்து ஒரு குடும்பம். வீட்டுக்கு வந்து மாலையிலிருந்த எருக்கம்பூவை எல்லாம் ஒன்று விடாமல் பிய்த்தெடுத்தேன், அதன் பால் விஷம், புல்லை மூன்று தடவை குடிக்கிற தண்ணீரில் அலசி உதறிப் போர்வையின் மேல் வைத்தேன். மூக்கு ஆடியது. முகர்ந்தது. அதோடு சரி.

பத்து நாற்பத்தைந்து. மூக்கு ஆடுகிறது, மூக்கு எப்போதும்தான் ஆடும், ஆனால் இப்போது கொஞ்சம் வேகமாக ஆடவில்லையா, இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வேலையே அதுதானே, எது எப்போது வரும் என்று பார்த்து வந்ததும் எழுதுவது, ஆனால் வண்டிகள் ஒருபோதும் என்னை இப்படிச் சோதித்ததில்லை. வராமலே போனால்? வான்மதி ஒன்றரைக்குப் போன் செய்வாள், நான் என்ன சொல்வேன், சைபர் என்பேன், அவளுக்குப் புரிந்துவிடும், அங்கே நடைபாதையிலேயே உட்கார்ந்துவிடுவாள், வீட்டுக்கு வந்து சோபாவுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அப்போது கதவு இடுக்கு என்று மறுபடி சொல்வேனா? சொன்னால் வாழ்நாள் முழுக்க அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் மெதுவாகத் திறப்பாள், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்லிவிட்டாலோ, அவள் நாலு வருஷம் பேசிக்கொண்டிருந்த ஆளை நான் சிலிண்டரால் கொன்றவன். கொன்றவன் என்ற சொல் வந்ததும் அதை உடனே விரட்டினேன், அது கூடத்தைச் சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது. இல்லை, இல்லை, இவன் சாகமாட்டான், இப்போதுதான் அர்ச்சனை நடந்திருக்கிறது. இவன் என்று சொல்கிறேன், நேற்றுவரை இது. போகும்போது வான்மதி என்னவோ சொல்லிவிட்டுப் போனாளே, செருப்பை மாட்டிக்கொண்டே, ஆமாம், நீங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காதீங்க, யாருக்குங்க அப்படி வரும் என்றாள். வாஸ்தவம்தானே. எனக்கே வராது. எழுந்தேன், முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன, மெதுவாக நடந்து சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் நின்றுகொண்டேன், பக்கத்தில் அந்தச் சிலிண்டர். அதை ஒரு உதை விடலாமா என்று இருந்தது, சத்தம் கேட்குமே என்று விட்டுவிட்டேன்.

ஃபிரிட்ஜ் உறுமுகிறது, நின்றுவிட்டது. மேல் வீட்டில் யாரோ அம்மி இழுக்கிறார்கள், இல்லை, கட்டில் இழுக்கிறார்கள். மணியைப் பார்க்கக்கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன், அது பைக்குள் ஓடுவது தொடையில் தெரிகிறது. வலது கால் மரத்துவிட்டது, மாற்றி நின்றால் சத்தம் வரும், மாற்றவில்லை, நீயும் ஒரு காலில் நில், அவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள். அப்போது கேட்டது. முதலில் ஏதோ துணி கிழிகிற மாதிரி. பிறகு சின்னதாக, வேகவேகமாக, கறுக் கறுக் கறுக். என் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. கறுக் கறுக். ஃபிரிட்ஜ் ஓரமாக ஒரே ஒரு கண்ணை நீட்டினேன், பிள்ளையார் மாலையின் ஒரு முனை சைபரின் வாயில் இருக்கிறது, புல் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, நின்று நிதானமாகக்கூட இல்லை, அச்சு இயந்திரம் காகிதத்தை இழுப்பது போல இழுக்கிறது, தாடை பக்கவாட்டில் ஆடுகிறது, மீசையில் இன்னும் மஞ்சள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் விசிலடித்திருப்பேன். தின்னுடா, தின்னு, திருச்சியில் இருக்கும் அத்தனை பிள்ளையார் மாலையும் உனக்குத்தான், குருக்களிடம் சொல்லி தினமும் வாங்கி வருகிறேன், தின்னு என் தங்கமே. இப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, கடைசியில் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் பதினொன்று இருபத்தெட்டு. தின்றது சரி, வெளியே? டாக்டரம்மா இரண்டும் என்றார். தின்றுவிட்டானே, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று ஒரு மனது, பார்த்துக்கொண்டே இருந்து பன்னிரண்டாகி ஆஸ்பத்திரி மூடிவிட்டால் என்று ஒரு மனது, ஒரே நாள்ல போயிடும் என்ற குரல் வேறு. ஒரு நிமிஷம் தாமதமாக எழுதிப் பார்க்கிற விஷயம் இல்லை இது. காய்கறிக் கூடையில் என் காக்கிச் சட்டையை மடித்துப் போட்டேன், ஆட்டோவுக்குப் போன் செய்தேன், அஞ்சு நிமிஷத்துல வரேண்ணே என்றான், குனிந்து ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் ஒரு கையைப் பின்பக்கம் கட்டுக் காலுக்குப் படாமலும் கொடுத்து, வா ராஜா, ஊசி போட மாட்டாங்க, சும்மா பார்ப்பாங்க என்று பொய் சொல்லிக்கொண்டே தூக்கினேன். தூக்கினேன், தூக்கியபடியே நின்றேன். போர்வையில், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், கதகதப்பாக, கறுப்பாக, ஒன்று, இரண்டு, மூன்று சின்னதாகக் காய்ந்து, அதற்கப்புறம் நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, கொண்டைக்கடலை சைஸில் உருண்டு திரண்டு. எட்டு! எப்போது போட்டானோ, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்னைக் காலையிலிருந்து தவிக்க விட்டிருக்கிறான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி மூக்கை ஆட்டிக்கொண்டு. நான் சிரித்தேன், அழுதேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை, அவன் தலையில் என் தாடையை வைத்தேன், அவன் பொறுத்துக்கொண்டான். வாசலில் ஹாரன் அடித்தது. ஆட்டோக்காரனிடம் போய், வேண்டாம் தம்பி, வந்துருச்சு என்றேன். யாருண்ணே வந்தது என்றான். எட்டு பேரு என்றேன்.

ஒன்று முப்பத்திரண்டுக்கு வான்மதியின் போன். ஹலோகூடச் சொல்லவில்லை, என்னங்க ஆச்சு என்றாள், மூச்சு வாங்கியது, நடந்துகொண்டே பேசுகிறாள். தின்னாச்சு, போட்டாச்சு, அப்புறம் ஒரு தடவை பதினாலு, இப்ப தூங்கறான் என்று நான் கடகடவென்று ஒப்பித்தேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பக்கத்தில் யாரோ என்னாச்சு மேடம் என்கிறார்கள், ஒண்ணுமில்ல டீச்சர், எங்க வீட்ல டூ பாத்ரூம் போயிட்டான் என்று இவள் அழுதுகொண்டே சொல்கிறாள், அந்த டீச்சர் என்ன நினைத்துக்கொண்டாரோ. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, இத்தனை சந்தோஷத்தை ஒரு பொய்யின் மேல் உட்கார வைக்க எனக்கு முடியவில்லை, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. மதி, கதவு இல்ல, சிலிண்டரு. நான்தான் ஏத்திட்டேன். உருட்டிக்கிட்டு வந்தேன், காலைச் சுத்துனான், பாக்காம ஏத்திட்டேன், நேத்து பயந்துகிட்டு சொல்லல. தெருச் சத்தம் கேட்டது, ஒரு பஸ் போனது, ஏதோ ஒரு பிள்ளை கடைசிக் கணக்குக்கு விடை என்ன மிஸ் என்று கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். நான் போனைப் பார்த்தேன், சைபரைப் பார்த்தேன், எட்டு மாதம் நன்றாக இருந்தது என்று நினைத்தேன், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றும் நினைத்தேன், இல்லை, சொன்னதுதான் சரி என்றும் நினைத்தேன், ரேடியோ எங்கே வைத்தோம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், என் கணக்கில் இரண்டு நிமிடம் பத்து வினாடி. போன் அடித்தது. எடுத்தேன். நீங்க சாப்பிட்டீங்களா, என்றாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. இல்ல, என்றேன். காலைல எடுத்து வச்சிட்டு வந்த இட்லி? அப்படியே இருக்கு. ராத்திரியும் நீங்க சரியா சாப்பிடல, நான் பாத்தேன், இவனுக்காகன்னு நெனச்சேன் என்றாள். அப்புறம், முதல்ல அதை எடுத்துச் சாப்பிடுங்க, நான் மூணு மணிக்கு வந்து திட்டறேன், நிறைய திட்டணும், வெறும் வயித்தோட இருந்தா தாங்க மாட்டீங்க, என்றாள். சரி மதி. ஒண்ணும் மிச்சம் வைக்காம. சரி. இட்லி ஐந்தும் விறைத்துப்போயிருந்தன, பொடியும் எண்ணெயும் போட்டுக்கொண்டு தட்டோடு வந்து போர்வைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், சைபர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மிச்ச மாலையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தான், நானும் தின்ன ஆரம்பித்தேன்.